மூவாயிரத்து ஒன்றாவது வாய்

இனிமேல் தன் வயிற்றுக்குத் தானே ராஜா என்று பலராமன் பிரகடனம் செய்தது ஒரு திங்கட்கிழமை, காலை ஏழரை மணிக்கு. ஏழரை என்பதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

காரணம் ஒரு சீட்டு. முந்தின சனிக்கிழமை டாக்டர் அவருடைய ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் படித்துவிட்டு, பலராமனைப் பார்க்காமல் அவர் மனைவி தையல்நாயகியைப் பார்த்து, "சர்க்கரை ஏறிக் கெடக்கு. எடை வேற எண்பத்து நாலு" என்றார். பிறகு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். கேழ்வரகு. முளைகட்டின பயறு. முட்டையில் வெள்ளைக்கரு மட்டும். விடிந்ததும் வெந்தயத் தண்ணீர். தினம் நாற்பது நிமிஷம் நடை. சோறு ஒரே வேளை, அதுவும் அளவாக. தையல்நாயகி அந்தச் சீட்டை ரெட்டியார்பாளையத்து வீட்டுச் சமையலறையில், காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தாள்.

திங்கட்கிழமை காலை தட்டில் வந்து விழுந்தது கேழ்வரகு அடை.

"இன்னாடி இது?"

"அடைங்க."

"அடைக்கு இந்தக் கலரு ஏதுடி? இருவது வருஷம் மில்லுல நூல் நூத்தவன் நான். எனக்கு வெள்ளையா இருந்தாதான் சாப்பாடு. கேவுரு, பயறெல்லாம் நான் துன்றதா? நான் மனுஷனா, குருவியா?"

"டாக்டரு சொன்னாரு..."

"டாக்டரு வயித்துக்கு டாக்டரு ராஜா. என் வயித்துக்கு நான்தான் ராஜா. செத்தாலும் இதுல ஒரு வாய் தொடமாட்டேன். இது சத்தியம்!"

சத்தியத்தோடு நிறுத்தியிருக்கலாம். எழுந்து போய்ச் சீட்டைச் சுவரிலிருந்து பிய்த்து, நாலாகக் கிழித்து, ஜன்னல் வழியாக வெளியே விட்டார். அப்புறம்தான் திரும்பி மனைவியைப் பார்த்தார். அழுவாள், திட்டுவாள், தன் அப்பாவைப் பற்றி ஆரம்பிப்பாள் என்று மூன்றுக்கும் தயாராக நின்றார்.

தையல்நாயகி ஒரு வார்த்தைதான் சொன்னாள். "சரிங்க."

அந்தக் குரல் பலராமனுக்குத் தெரியும். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவள் இந்தக் குரலில் 'சரிங்க' சொன்னது இதற்கு முன் இரண்டே தடவை. மில்லை மூடினபோது, வெளியூர் போய்ப் பிழைக்கலாம் என்று அவர் முடிவெடுத்தார். "சரிங்க" என்றாள், மறுநாள் விடிகாலை வாசலில் அவருடைய பெட்டி மட்டும் கட்டித் தயாராக இருந்தது. இரண்டாம் தடவை, தன் அக்காவை ஆறு மாதம் வந்து தங்கச் சொல்லப்போவதாக அறிவித்தார். "சரிங்க" என்றாள். அக்கா வந்தாள். தையல்நாயகி ஆறு மாதத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனாள். அக்காவின் சமையலில் பலராமன் பட்ட பாட்டை இன்றுவரை வெளியில் சொல்லவில்லை. இது மூன்றாவது.

பயந்துகொண்டே ராத்திரி வரை காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் வந்தன மீன்குஞ்சுகள்.

மீன்குஞ்சு விஷயம் பலராமனுக்குப் புதிதல்ல. பாண்டிச்சேரி புதுச்சேரி என்று பெயர் மாறிய வருஷம் அது. தெருவில் பத்துப் பெண்கள் சேர்ந்து வைத்திருந்த மகளிர் குழுவுக்கு மீன்குஞ்சு வளர்க்கும் வேலை கிடைத்திருந்தது. குழுவுக்குத் தலைவி தையல்நாயகி. பலராமன் வீட்டுப் பின்பக்கம், முன்பு மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில், பெரிய சிமெண்டுத் தொட்டி ஒன்று கட்டியாயிற்று. பொடிக்குஞ்சாக மூவாயிரத்தை வாங்கி விடுவார்கள். அறுபது நாள் தீனி போட்டு விரல் நீளத்துக்கு வளர்த்தால், வில்லியனூர் பக்கம் குளம் குத்தகைக்கு எடுத்திருப்பவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். நகத்தளவிலேயே நின்றுவிட்டால் ஒருத்தரும் சீந்தமாட்டார்கள். அடுத்த வருஷம் வேலை வேறு குழுவுக்குப் போய்விடும்.

வேலையை ஒப்புக்கொண்ட கூட்டத்தில் தையல்நாயகி எழுந்து நின்று சொன்னது தெரு முழுக்கத் தெரியும். "குஞ்சு வளரலைன்னா யாரையும் சொல்ல வேணாம். எம்மேலதான் தப்பு. நானே எறங்கிடறேன், அப்புறம் இந்தத் தெருவுல யாரு முகத்துலயும் முழிக்கமாட்டேன்." சொன்னால் சொன்னதுதான், அவள் அப்படிப்பட்டவள்.

குஞ்சுகள் வந்த அன்று சாயந்தரம் தையல்நாயகி கணவனைத் தொட்டியடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஏங்க, பெரிய மார்க்கெட்டுல உங்க கடை பத்து மணிக்குத்தான தெறப்பாங்க?"

மில் மூடின பிறகு பலராமன் பெரிய மார்க்கெட்டை ஒட்டின ஒரு துணிக்கடையில் காவலுக்கு இருந்தார். காலை பத்திலிருந்து சாயந்தரம் ஆறு வரை.

"ஆமாம். அதுக்கு இன்னா?"

"காலைல ஏழு மணிக்கும் ராவு ஏழு மணிக்கும் தீனி போடற வேலைய நீங்க பாத்துக்கங்க. நான் தயார் பண்ணி அடுப்பங்கரைல மூடி வெச்சிடறேன். எடுத்தாந்து தூவறதுதான் வேலை. அப்புறம் இந்தத் தட்டு இருக்குதே, இதப் பாருங்க."

தொட்டிக்குள் கயிற்றில் ஒரு மண் தட்டு தொங்கியது. தீனி தூவும்போது ஒரு பிடியைத் தட்டில் போட்டுத் தண்ணீருக்குள் இறக்கிவிட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். தட்டு காலியாக இருந்தால் அளவு சரி. மிச்சம் இருந்தால் மீனுக்கு வயிறு நிறைந்துவிட்டது, அடுத்த வேளைக்கு அளவைக் குறைக்க வேண்டும். போட்டது மிச்சமாகி அழுகினால் தண்ணீர் கெட்டு அத்தனையும் செத்து மிதக்கும்.

"அத்தனையுமா?" என்றார் பலராமன்.

"அத்தனையும். இன்னொண்ணு. காக்கா, மீன்கொத்தியெல்லாம் வரும். விடிகாலைல தொட்டியச் சுத்தி நாப்பது நிமிஷம் நடங்க. ஆள் நடமாட்டம் இருந்தா கிட்ட வராது."

நியாயமாகத்தான் பட்டது. மனைவி சீட்டைப் பற்றிப் பேச்செடுக்கவில்லையே என்ற சந்தோஷத்தில் பலராமன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மறுநாள் காலை அவர் கேட்டபடியே வெள்ளை வெளேரென்று இட்லி வந்தது. எண்ணிக்கை இரண்டு.

"இன்னும் ரெண்டு வையி."

"மாவு அவ்ளோதாங்க. மூவாயிரம் வாய் காத்துக்கினு கெடக்கு, ஒரு வாய்க்கு எவ்ளோ நேரம் ஆட்டிக்கினு கெடப்பேன்?"

மத்தியானத்துக்கு டிபன் பாக்ஸில் சோறு, ஒரு கரண்டி. ராத்திரி தோசை, இரண்டு, பின்னால் இருப்பவர் முகம் தெரிகிற மெல்லிசு. வெளியில் போய்த் தின்னலாமென்றால் அதற்கும் வழியில்லை. பெரிய மார்க்கெட்டில் பலராமனுக்குத் தெரியாத டீக்கடை கிடையாது. தெரிந்த டீக்கடைக்காரர்கள் அத்தனை பேரும் தையல்நாயகிக்கும் தெரிந்தவர்கள். பக்கத்துக் கடை அம்மாவாசை அவர் பரோட்டா கேட்டதும் காதில் விழாதவன் மாதிரி கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இப்படிப் பசியில் காந்திக்கொண்டிருந்த மனிதர் கையில்தான் அந்தத் தூக்குப் பாத்திரம் கொடுக்கப்பட்டது. மூடிமேல் சாக்பீஸால் எழுதியிருந்தது: மீனுக்கு. யாரும் தொடக்கூடாது.

தொட்டிக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம். மரத்தடியில் நின்று பலராமன் மூடியைத் திறந்தார், பார்க்கலாம் என்றுதான். உள்ளே முளைகட்டின பயறு, லேசாக வேகவைத்து, தேங்காய்ப்பூ தூவி, கடுகு தாளித்திருந்தது. பக்கத்தில் இரண்டு அவித்த முட்டை. மஞ்சள்கருவைக் காணோம், வெறும் வெள்ளை. ஒரு சின்னக் கிண்ணத்தில் கேழ்வரகுக் கொழுக்கட்டை நாலு. ஒரு டம்ளரில் வெந்தயத் தண்ணீர்.

மீனுக்குக் கடுகு எதற்கு என்று அவர் கேட்டிருக்கலாம். தண்ணீருக்குள்ளேயே இருக்கிற மீனுக்கு டம்ளரில் தண்ணீர் எதற்கு என்றும் கேட்டிருக்கலாம். பசி கேட்க விடவில்லை. ஒரு பயறை வாயில் போட்டார். பிறகு ஒரு பிடி. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது பாத்திரம் காலி. விக்கியது. வெந்தயத் தண்ணீரைக் குடித்தார்.

செத்தாலும் தொடமாட்டேன் என்ற சத்தியம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. தட்டில் வைத்தால் தொடமாட்டேன் என்றுதானே சொன்னேன், இது மீன் சாப்பாடு, அந்தக் கணக்கில் வராது என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்துத் தையல்நாயகி மண் தட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"அடேங்கப்பா! ஒரு பருக்கை மிச்சம் வெக்காம துன்னுருக்கு பாருங்க!"

"நல்ல பசி போலருக்கு" என்றார் பலராமன். கடைவாயில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பூவைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

அன்று ராத்திரி ஏழு மணிக்கும் அதேதான். மறுநாளும் அதேதான். ஒருநாள் பயறு, ஒருநாள் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒருநாள் கேழ்வரகுப் புட்டு, ஒருநாள் கீரை போட்டுக் கிண்டின கம்பு. முருங்கை மரத்தடியில் நின்று வேலையை முடித்துவிட்டு, காலிப் பாத்திரத்தைத் தொட்டிமேல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வருவார். முதல் பத்து நாள் பயமில்லை. தொட்டியிலிருப்பது பொடிக்குஞ்சு, அதற்கு என்ன தெரியும்? தண்ணீரில் பாசி கீசி இருக்கும், தின்னுக்கும். தொட்டியை ஒட்டின சின்னக் கொட்டகையில் பூட்டி வைத்திருந்த ஒரு மூட்டையைக் காட்டி அது என்ன என்று கேட்டபோது, "அது இருப்புக்கு. குஞ்சு பெருசானப்புறம்" என்று தையல்நாயகி சொல்லிவிட்டாள்.

பயம் வந்தது பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை.

குழுவுக்கு மீன் வளர்ப்பு சொல்லிக்கொடுத்த துர்கா காலாப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். இருபத்தைந்து வயசிருக்கும், கண்ணாடி போட்ட பெண். தொட்டியைச் சுற்றிப் பத்துப் பெண்களும் உட்கார்ந்திருக்க, பலராமன் டீ டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார்.

"குஞ்சு சின்னதா இருக்கச் சொல்லதான் தீனி ரொம்ப முக்கியம்" என்றாள் துர்கா. "பெரிய மீனுக்கு அதோட எடைல நூத்துக்கு ரெண்டு, மூணு போதும். குஞ்சுக்கு நூத்துக்குப் பத்து வேணும். இப்ப இந்த மூவாயிரமும் சேத்து மூணு கிலோ இருக்கணும். அப்பன்னா ஒரு நாளைக்கு முன்னூறு கிராம். காலைல பாதி, சாயந்தரம் பாதி."

பலராமன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். முந்தின நாள்தான் குழு மீன் நிறுக்க வைத்திருந்த சின்னத் தராசில் அந்தத் தூக்குப் பாத்திரத்தை விளையாட்டாக வைத்துப் பார்த்திருந்தார். உள்ளே இருந்தது இருநூறு கிராம். இரண்டு வேளைக்கு நானூறு. மூவாயிரம் ஜீவன்கள் சாப்பிட வேண்டிய மொத்தச் சாப்பாட்டையும், அதற்குமேல் ஒரு நூறு கிராமையும், ஒரே ஆள் தின்றிருக்கிறார்.

"தீனி கெடைக்கலன்னா?" என்று அவர் கேட்டது அவருக்கே கேட்கவில்லை.

"இன்னாண்ணே?" என்றாள் பக்கத்து வீட்டுச் சின்னப்பாப்பா. குழுவில் தையல்நாயகிக்கு வலது கை அவள். ஊசி விழுந்தாலும் அவள் காதில் விழும்.

"இல்ல... சும்மா... தீனி போடலைன்னா மீனுக்கு இன்னா ஆவும்?"

துர்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவரையே பார்த்தாள். "புரதம் கொறஞ்சா தலை மட்டும் பெருத்துடும் சார். உடம்பு ஒடுங்கிப்போயிடும். அப்புறம் மேல வந்து வாயைப் பொளந்துக்கினு நிக்கும். அதுக்கப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

எல்லாரும் போன பிறகு பலராமன் தொட்டியை எட்டிப் பார்த்தார். அவர் நிழல் தண்ணீரில் விழுந்ததும் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்தன. நூற்றுக்கணக்கான வாய்கள் திறந்து திறந்து மூடின. அத்தனைக்கும் தலை பெரிசு. உடம்பு கொஞ்சம், தலை நிறைய.

"சின்னப்பாப்பா" என்று வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். "இதுக்குத் தலை பெருசா இல்ல?"

சின்னப்பாப்பா வந்து எட்டிப் பார்த்தாள். "அட ஆமாண்ணே. பாக்கவே பாவமா இருக்குது. வாயை வேற பொளக்குது. ஏதோ கேக்கறாப்ல இருக்குது உங்கள."

அன்றைக்கு ராத்திரிப் பாத்திரத்தை அவர் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை. பயறு, முட்டை எல்லாவற்றையும் பசியோடு பசியாகத் தொட்டிக்குள் கவிழ்த்தார். ஒரு பிடியைத் தட்டில் போட்டு இறக்கினார். தின்னுங்க சாமி, நல்லா இருங்க, இத்தனை நாள் செஞ்சதை மன்னிச்சுடுங்க என்று கைகூப்பி நின்றார்.

காலையில் தட்டைத் தூக்கினார். போட்டது போட்டபடி இருந்தது. ஒரு பயறைக்கூட எதுவும் கடிக்கவில்லை.

பலராமன் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தோன்றினது ஒன்றே ஒன்றுதான். பதினோரு நாள் பட்டினி கிடந்ததில் மூவாயிரம் குஞ்சுக்கும் தின்பதே மறந்துவிட்டது.

தையல்நாயகி வந்து பார்த்தாள். முகம் ஒரு நிமிஷம் நிஜமாகவே மாறியது. ஓடிப்போய் வலைச் சல்லடையைக் கொண்டுவந்து, மிதந்த பயறையெல்லாம் அரித்தெடுத்தாள்.

"இன்னாங்க இது? முழுப் பயறா போட்டிருக்கீங்க?"

"நீதான குடுத்த?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சரிங்க. தண்ணி கெட்டுடும், பாதித் தண்ணிய மாத்தணும். கொடத்த எடுங்க. மிச்சம் கெடந்ததால நாளைலேர்ந்து அளவையும் கொறைக்கணும்."

அறுபத்தைந்து குடம். கிணற்றுக்கும் தொட்டிக்கும் நடந்து நடந்து பலராமனுக்கு முட்டி கழன்றது. மறுநாள் பாத்திரத்தில் பாதிதான் இருந்தது. வயிறு கூப்பாடு போட்டது. தொட்டியில் போட்டாலும் மீன் தின்னாது, அழுகித் தண்ணீரைக் கெடுத்து அவற்றைக் கொல்லும். அதற்கு நானே தின்பது மீனுக்குச் செய்கிற உபகாரம் என்று முருங்கை மரத்தடியில் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். தின்றார். ஒவ்வொரு வாயும் பயத்தோடுதான் இறங்கியது, ஆனால் இறங்கியது. ஒரு வாரத்தில் தட்டு காலி, அளவும் பழையபடி ஏறிவிட்டது.

அதன் பிறகு நாட்கள் ஓடின. எடை போடுகிற நாளெல்லாம் பலராமன் கடைக்குப் போன நேரத்தில் முடிந்துவிடும். சாயந்தரம் வந்து, "துர்கா இன்னா சொல்லுச்சு?" என்று கேட்பார்.

"ஒண்ணும் சொல்லலைங்க. உதட்டப் பிதுக்கிக்கினு எழுதிக்கினு போச்சு."

"உதட்ட ஏன் பிதுக்குது?"

"எனக்கு இன்னா தெரியும்? மீனுக்குத் தீனி போடறது நீங்கதான?"

அந்த நிமிஷத்தில் பலராமனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ நழுவும். பேன்ட்டும் நழுவியது. பெல்ட்டில் ஆணியால் ஒரு புது ஓட்டை போட்டார், பத்து நாளில் இன்னொன்று. மார்க்கெட்டில் அம்மாவாசை, "இன்னா தல, பாதியா எளைச்சுட்ட?" என்றான். பயம் உள்ளே இருந்து அரிக்கிறது, மூவாயிரம் உயிரின் பாவம் சும்மா விடுமா என்று பலராமன் நினைத்துக்கொண்டார். காலையில் எழுந்தால் உடம்பு லேசாக இருந்தது. சாவுக்கு முன்னால் அப்படித்தான் இருக்கும் என்று எங்கோ கேட்டிருந்தார்.

கடைசி வாரம் பயம் தலைக்கு ஏறிப்போய், பெரிய மார்க்கெட் மீன் பக்கம் போனார். அங்கே முப்பது வருஷமாக மீன் விற்கும் ஆயம்மா கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ஆயம்மா, விரல் நீளத்துக்கு மீன் கெடைக்குமா? உசுரோட. நல்லா குண்டா."

"எத்தினி வேணும்?"

"ஒரு மூவாயிரம்."

ஆயம்மா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு அவரைப் பார்த்தாள். "யோவ், மீன் வாங்க வந்தியா, மாநாட்டுக்கு ஆள் சேக்க வந்தியா? நான் வெச்சிருக்கறதெல்லாம் செத்துப் போயி மூணு மணி நேரமாவுது. போ அந்தாண்ட."

அறுபதாம் நாள் விடிந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, ஓடி ஒளியக் கடையும் இல்லை. பின்பக்கம் பத்துப் பெண்களும் வந்துவிட்டார்கள். ரேஷன் கடையிலிருந்து மூட்டை நிறுக்கிற பெரிய தராசை வண்டியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார்கள். எடை போட்டு முடித்ததும் வில்லியனூர்க்காரர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவதாக ஏற்பாடு. துர்கா சுடிதாரை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினாள். கையில் வலை.

தையல்நாயகி நல்ல சேலை கட்டியிருந்தாள். நெற்றியில் பெரிய பொட்டு. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பலராமன் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் ஐந்து நிமிஷத்தில் வலையில் தலையும் தோலுமாக மீன் வரும். இத்தனை பேர் முன்னால் இவள் தலை குனிவாள். தெருவில் யார் முகத்திலும் முழிக்கமாட்டேன் என்று சொன்னவள். ஒரு தப்பும் பண்ணாதவள். விடிகாலையில் எழுந்து பயறு தாளித்ததைத் தவிர.

துர்கா வலையை வீசக் கையை ஓங்கினாள்.

"நிறுத்தும்மா!" என்று கத்தினார் பலராமன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அவ மேல ஒரு தப்பும் இல்ல. அவ வேளா வேளைக்குச் சமைச்சுதான் குடுத்தா. நான்தான்... நான்தான் துன்னுட்டேன்."

"இன்னாத்த துன்ன?" என்றாள் சின்னப்பாப்பா.

"மீன் சாப்பாட்ட. அறுபது நாளும். காலைலயும் ராவுலயும். பயறு, முட்டை, புட்டு எல்லாத்தையும். அதுங்க வாயப் பொளந்துக்கினு பாத்துக்கினே இருந்துச்சு, நான் அந்த மரத்தடில நின்னு முழுங்கினேன். தலைவிய மாத்தணும்னா மாத்துங்க, ஆனா அவளைத் திட்டாதீங்க. என்னத் திட்டுங்க." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

முதலில் தண்ணீரில் வலை விழுகிற சத்தம். அதற்கப்புறம் நூறு மீன் ஒன்றாகத் துள்ளுகிற சத்தம்.

பலராமன் துண்டை விலக்கிப் பார்த்தார். வலை நிறைய மீன். விரல் நீளம் என்று சொன்னார்கள், இது கட்டைவிரல் பருமனும் சேர்ந்திருந்தது. வெயிலில் வெள்ளியாக மின்னிக்கொண்டு ஒன்றின்மேல் ஒன்று குதித்தது.

"சராசரி பன்னெண்டு கிராம்" என்றாள் துர்கா. "நான் பத்துதான் எதிர்பாத்தேன்."

"தலை?" என்றார் பலராமன். "தலை பெருசா இருந்துச்சே!"

"அது கட்லா சார். அதுக்குப் பொறப்புலயே தலை பெருசு. மேல வந்து வாயத் தெறக்கறதுதான் அதோட பழக்கம்."

"அப்ப இதுங்க இன்னாத்த துன்னுச்சு?"

சின்னப்பாப்பா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு பீறிட்டது. கொட்டகையைத் திறந்து காட்டினாள். இருப்புக்கு என்று வைத்திருந்த மூட்டை முக்கால்வாசி காலி. "கடலப் புண்ணாக்கும் தவுடும் சரிக்குச் சரி இடிச்சு, சலிச்சு, பொடியா போட்டோம்ணே. காலைல நீங்க குளிக்கப் போனப்புறம் ஒரு தபா, சாயந்தரம் நீங்க கடைலேர்ந்து வர்றதுக்கு முன்னாடி ஒரு தபா. அதான் மீன் சாப்பாடு. முழுப் பயறு அது வாய்ல எப்படி நொழையும்?"

"முட்டை?"

"மஞ்சக்கரு மட்டும் மீனுக்குப் போச்சு" என்றாள் தையல்நாயகி. அன்று முதல்தடவையாக வாயைத் திறந்தாள். இடுப்பில் செருகியிருந்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். நாலாகக் கிழிந்த டாக்டர் சீட்டு, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தது. கேழ்வரகு. பயறு. வெள்ளைக்கரு. வெந்தயத் தண்ணீர். நாற்பது நிமிஷம் நடை.

"தட்டுல வெச்சா வேணாம்பீங்க. மூடி வெச்சு தொடாதன்னா துன்னுடுவீங்க. இருவத்தேழு வருஷமா பாக்கறேன்." சீட்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "எங்கப்பாவும் இதே சீட்டத்தான் கிழிச்சுப் போட்டாரு. கால் வெரல்லதான் ஆரம்பிச்சுது. முட்டிவரைக்கும் எடுத்தும் நிக்கல. அறுபது நாளா அந்த ஜன்னல்லேர்ந்து நீங்க மரத்தடில நின்னு துன்றதப் பாத்தப்புறந்தாங்க நான் ஒரு வாய் துன்னேன்."

பலராமன் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். மீன் செத்துவிடும் என்று அவர் பயந்த அதே அறுபது நாளும், அவர் செத்துவிடுவார் என்று இவள் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சொல்ல விட்டால்தானே? "ஏறுங்கண்ணே" என்று சின்னப்பாப்பாவும் இன்னும் இரண்டு பேரும் அவரைத் தள்ளிக்கொண்டு போய் மூட்டைத் தராசில் ஏற்றிவிட்டார்கள். துர்கா குனிந்து முள்ளைப் பார்த்தாள்.

"எழுபத்தேழரை! ஆறரை கிலோ எறங்கியிருக்கு. இந்தத் தொட்டிலயே நல்ல முன்னேற்றம் இவருக்குத்தான்." சொல்லிவிட்டு, மீன் எடை எழுதுகிற நோட்டிலேயே கடைசி வரியில் அதையும் எழுதிக்கொண்டாள்.

பத்துப் பெண்களும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில்தான் பலராமனுக்கு ரோஷம் வந்தது. அழுதது ஞாபகம் வந்தது. அறுபத்தைந்து குடம் ஞாபகம் வந்தது. தராசின்மேல் நின்றபடியே கையை ஓங்கினார்.

"ஏமாத்திக் குடுத்துட்டீங்க! சரி, மீன் போச்சு. இனிமே இந்த வூட்ல பயறுன்ற பேச்சே கூடாது. வெள்ளச் சோறு, மூணு வேளை. என் வயித்துக்கு நான்தான் ராஜா!"

தையல்நாயகி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

வில்லியனூர்க்காரர்கள் வந்து மூவாயிரத்தையும் அள்ளிக்கொண்டு போனார்கள். தொட்டியைக் கழுவிக் காயவிட்டார்கள்.

மறுநாள் காலை இட்லி இரண்டு வந்தது. பலராமன் கௌரவமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். கை கழுவப் போகிற வழியில் அடுப்பங்கரை மேடையில் அந்தத் தூக்குப் பாத்திரம் இருந்தது. மூடிமேல் புதுச் சாக்பீஸ் எழுத்து: மீனுக்கு. யாரும் தொடக்கூடாது.

தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை என்பது பலராமனுக்குத் தெரியும். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் முருங்கை மரத்தடிக்குப் போனார். மூடியைத் திறந்தார். கடுகு வாசனை வந்தது.

ஜன்னலுக்குள்ளிருந்து குரல் கேட்டது.

"மிச்சம் வெக்காதீங்க. மிச்சம் கெடந்தா நாளைக்கு அளவு கொறையும்."